மார்கரெட்டும் மார்கரினும்

பேக்கரி பிஸ்கட் உறையைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'மார்கரின்' என்று போட்டிருப்பார்கள். வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கும் கொழுப்பு. மார்கரெட் என்ற பெண்ணிடம் போய், "இது உங்க சொந்தக்காரங்க" என்றால் கோபம் வரும். ஆனால் உறவு உண்மைதான்.

கிரேக்கத்தில் முத்துக்கு 'மார்கரிட்டேஸ்' என்று பெயர். ஈரானிய மொழிகளிலிருந்து அங்கே போன சொல் என்பார்கள் மொழியியலார். 1813இல் மிஷேல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்பைப் பிரித்தபோது முத்துப்போல் மினுங்கும் படிகம் கிடைத்தது. மார்கரிக் அமிலம் என்று பெயர் வைத்தார். 1869இல் மெஜ்-மூரியே என்ற இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பில் மலிவான மாற்று வெண்ணெய் செய்தபோது, அந்தப் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது.

மார்கரெட்டும் அதே முத்துச் சொல்லிலிருந்து வந்த பெயர்தான். பெண் பெயராக அது ஐரோப்பாவில் பரவ, அந்தியோக்கியாவின் புனித மார்கரெட் ஒரு பெரிய காரணம். டிராகன் அவரை விழுங்கியதாம். கையிலிருந்த சிலுவையால் அதன் வயிறு பிளக்க, காயமில்லாமல் வெளியே வந்தாராம். வயிற்றிலிருந்து பத்திரமாக வந்தவர் அல்லவா, அதனால் இடைக்காலப் பெண்கள் பேறுகாலத்தில் அவரை வேண்டிக்கொண்டார்கள். கதைக்கு வரலாற்றுச் சான்று இல்லையென்று 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை பொது நாள்காட்டியிலிருந்து அவர் விழாவை எடுத்துவிட்டது. அதற்குள் பெயர் எங்கும் வேர்விட்டாயிற்று.

எனக்குப் பிடித்தது, இந்தப் பெயர் உடைந்த விதம். நீளமான பெயரை வீட்டில் சுருக்கும்போது பெரும்பாலும் மிஞ்சுவது அழுத்தம் விழும் துண்டு. ஆங்கிலம் முதல் அசையை அழுத்துகிறது. கிடைத்தது மேக், மெக். ஜெர்மன் 'மார்கரேட்டெ'யில் அழுத்தம் மூன்றாவது அசையில். தலை உதிர்ந்து கிரேட்டெ, கிரெட்சன். இத்தாலிய 'மார்கெரீட்டா'வில் தங்கியது ரீட்டா. நம்மூர் ரீட்டா டீச்சர்களில் எத்தனை பேருக்குத் தம் பெயர் ஒரு முத்தின் வால் என்று தெரியும்?

சரி, மெக் எப்படி 'பெக்', 'பெகி' ஆனது? 'ம' சொல்லிப் பாருங்கள். உதடு மூடியிருக்கும், காற்று மூக்கு வழியே போகும். அந்த வழியை அடைத்தால் கிட்டத்தட்ட 'ப'. தொல்காப்பியமும் இரண்டையும் உதடு சேர்ந்து பிறப்பவை என்று ஒன்றாகத்தான் வைக்கிறது. மேரியின் செல்லப்பெயரான மாலி 'பாலி' ஆனதும் இப்படித்தான்; செல்லம் கொஞ்சும்போது முதலெழுத்தை மாற்றி எதுகை கட்டுகிற பழக்கம்.

அப்புறம் டெய்சி. ஒலியில் துளி ஒற்றுமை கிடையாது. பிரெஞ்சில் 'மார்கெரித்' என்பது வெள்ளை இதழ் டெய்சிப் பூவுக்கும் பெயர். அதை வைத்து இங்கிலாந்தில் மார்கரெட்டுகளை டெய்சி என்று கூப்பிட்டார்கள்.

ஈரானில் 'மொர்வாரீத்' இன்றும் முத்துதான். பெண் குழந்தைக்கு வைக்கும் பெயரும்தான். நமக்கு முத்தம்மாள் மாதிரி, அங்கே யாரும் அர்த்தம் கேட்பதில்லை.