சாட்ரியாவை ஃபோர்வீல் ஆக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

முன் சக்கரம் மட்டும் இழுக்கும் பழைய புரோட்டோன் சாட்ரியாவில், நான்கு சக்கரமும் இழுக்கும் (ஃபோர்வீல்) மிட்சுபிஷி எவோ 3-இன் இன்ஜினை இறக்கிவிட்டு, "முன் டயர் நின்ற இடத்திலேயே சுற்றுது அண்ணே, ஃபோர்வீல் ஆக்கிடலாமா?" என்று கேட்டு வரும் தம்பிகள் இன்னும் குறையவில்லை. கேள்வியில் தப்பில்லை. சாட்ரியா ஜிடிஐயில் கம்பெனி வைத்தது 1.8 லிட்டர், சுமார் 140 குதிரைசக்தி. எவோ 3-இன் 4ஜி63 டர்போ இன்ஜின் 270. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலத்தை அதே இரண்டு சக்கரத்தின் தலையில் கட்டினால் வேறென்ன நடக்கும்?

கார் கிளம்பும்போது பாரம் பின்னால் போகும், முன்பக்கம் லேசாகும். இழுக்க வேண்டிய நேரத்தில்தான் முன் டயருக்குப் பிடி குறைகிறது. இந்த அளவு ஹேட்ச்பேக்குக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், காய்ந்த ரோட்டில் முன் சக்கரங்கள் தரக்கூடிய முடுக்கம் 0.5 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), மழையில் 0.33 ஜி. நான்கும் இழுத்தால் மழையிலேயே 0.6 ஜி வரை வரும். சிலாங்கூர் உலு யாம் மலைப்பாதையில் மழைக்குப் பின் ஓட்டியவர்களுக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. போதாததற்கு, 2002-இல் நம் மலேசிய ராலி ஓட்டுநர் கரம்ஜித் சிங் புரொடக்‌ஷன் கார் பிரிவில் உலகப் பட்டம் வென்ற புரோட்டோன் பெர்ட்டும் உள்ளே எவோதான்.

ஆனால் பெர்ட் பிறக்கும்போதே எவோ பாடியோடு பிறந்தது. சாட்ரியா அப்படியில்லை. சிக்கல் முழுக்க இங்கேதான். முன் ஹாஃப்கட் (பழைய காரை அறுத்து எடுத்த முன்பாதி) வாங்கினால் இன்ஜினும் கியர்பாக்ஸும் கிடைக்கும். பின் டிஃப் (பின் சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), அதைத் தாங்கும் சப்ஃபிரேம், முன்னிருந்து பின்னுக்குப் பலத்தைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பெட்ரோல் டேங்க் எல்லாம் பின்பாதியில் இருப்பவை. சாட்ரியாவின் தரையில் இவை எதற்கும் இடம் விடவில்லை. சக்கர இடைவெளியும் எவோவைவிடக் குறைவு, ஆகவே ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கி, மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். பின் தரையை அறுத்து எடுத்துவிட்டு எவோவின் தரையை ஒட்டுவதுதான் உருப்படியான வழி. 2020-இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸைப் பாருங்கள்: யாரிஸ் என்று பெயர், ஆனால் பின்தளம் கொரோல்லா வகையைச் சேர்ந்தது. டொயோட்டாவாலேயே சாதாரண யாரிஸில் சாமானை மட்டும் மாட்டி முடிக்க முடியவில்லை.

வேறெங்கோ மாற்றிய ஒரு கார், வேகத்தில் "உம்ம்ம்" என்று அதிர்கிறது என எங்கள் பட்டறைக்கு வந்தது. லிஃப்ட்டில் தூக்கினேன். அடி முழுக்கக் கறுப்பு அண்டர்சீல் (துரு பிடிக்காமல் அடிக்கும் பூச்சு), பளபளவென்று. ஸ்கிரேப்பரால் சுரண்டச் சுரண்ட ஒட்டு தெரிந்தது: தொடர் வெல்டிங் இல்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி, நடுவில் சீலர். ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டை வெறும் தரைத்தகட்டில் போல்ட் போட்டிருந்தார்கள். ஓட்டையைச் சுற்றி முடி போல விரிசல். டேங்கின் மடிப்பு ஓரத்துக்கும் சுழலும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அந்தப் பிராக்கெட் பிய்ந்திருந்தால் ஷாஃப்ட் எங்கே போய் அடித்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சாவியை ஓனரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. டோ வண்டியில்தான் அனுப்பினேன்.

இன்னொன்று. டயர் சுற்றுவது ஒரு ஃபியூஸ் மாதிரி. அளவுக்கு மீறிய பலத்தை அங்கேயே கரைத்துவிடும். ஃபோர்வீலில் அது போய்விடுவதால், கிளட்ச்சை டமாலென்று விடும்போது அடி கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் விழும். அப்புறம், பிரேக்குக்கு ஃபோர்வீல் ஒன்றும் செய்வதில்லை. எடை கூடியிருக்கும், வளைவுக்கு வேகமாக வந்து சேர்வீர்கள், நிறுத்த வேண்டியது அதே பழைய டிஸ்க்.

ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வெல்டிங் தொடங்கும் முன் கேட்க வேண்டிய விஷயம். இன்ஜின் மாற்றமே கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றில்) ஏற வேண்டும். பாடியை அறுப்பது அதைவிடப் பெரிய சமாச்சாரம். மறைத்து ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரிக்க முழுக் காரணம் இருக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் நல்ல டயர், முன்பக்கத்துக்கு ஒரு எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்), சஸ்பென்ஷனில் தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுவது, முதல் இரண்டு கியரில் பூஸ்ட்டைக் குறைத்து ட்யூன் செய்வது. 2017 ஹோண்டா சிவிக் டைப் ஆர் 320 குதிரைசக்தியை முன் சக்கரத்திலேயே வைத்துக்கொண்டு நூர்பர்க்ரிங்கை 7 நிமிடம் 43.80 விநாடியில் சுற்றியது. அதற்கும் எல்எஸ்டிதான் துணை. இதுவும் போதாது என்றால், சாட்ரியாவை விட்டுவிட்டு எவோவையே தேடி வாங்குங்கள். கூட்டிக் கழித்தால் பெரும்பாலும் அதுதான் மலிவு.

அப்படியும் சாட்ரியாதான் வேண்டும் என்பவர், அண்டர்சீல் அடிக்கும் முன் அடிப்பாகத்தை நேரில் போய்ப் பார்க்கட்டும். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். இல்லாவிட்டால் முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் விஸ்கஸ் கப்ளிங் சூடாகிப் போய்விடும். ரோட்டில் நின்றுவிட்டால் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுக்க விடாதீர்கள், பிளாட்பெட் லாரிதான் வர வேண்டும்.