ஒரு மீட்டருக்கு நாற்பது மீட்டர்

"பேச்சிப்பாறை அணையில மறுகால் திறந்தா அத்தனை தண்ணியும் தேங்காய்ப்பட்டணம் வழியா கடலுக்குத்தான போகுது, இது வீண் இல்லையா?" என்று குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மழைக்காலம் வந்தால் சாயாக்கடையிலும் இதே பேச்சுதான்.

ஆறு செய்யும் மற்ற வேலைகளைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாகப் போவது, வாழைக்கும் தென்னைக்கும் பாய்வது, கொண்டுவரும் சத்தில் கழிமுகத்து நுண்பாசி வளர்ந்து இறாலும் மீனும் பெருகுவது எல்லாம் தெரிந்த கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது மண்ணுக்கடியில் நடக்கும் ஒரு இழுபறி.

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிவரை தண்ணீர் எடுத்து, நாலைந்து கரண்டி உப்பைக் கரைத்து, ஒரு சொட்டு நீல மை விடுங்கள். அப்புறம் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் நல்ல தண்ணீரை மெள்ள ஊற்றினால், அது கலக்காமல் நீலத்துக்கு மேலே மிதந்து நிற்கும். காரணம் எடைதான்: ஒரு கன மீட்டர் நன்னீர் 1000 கிலோ, கடல்நீர் சுமார் 1025 கிலோ.

கடற்கரை மண்ணுக்குள்ளும் நன்னீர் இப்படித்தான் உப்புநீரின் மேல் மிதக்கிறது. 40 மீட்டர் உயர உப்புநீர்த் தூணைத் தராசில் வைத்தால், சமன் செய்ய 41 மீட்டர் நன்னீர் வேண்டும். 40ஐ 1025ஆலும் 41ஐ 1000ஆலும் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 41,000. ஆக, நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேலே வெறும் ஒரு மீட்டர் நின்றால் போதும், கீழே நாற்பது மீட்டர் ஆழம்வரை உப்பு அண்டாது! நெதர்லாந்தின் பேடன் கைபனும், 1901ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்த இந்தக் கணக்கை முதலில் படித்தபோது நான் அன்றைக்கு வேறு வேலையே பார்க்கவில்லை.

இதே கணக்கு திரும்பியும் அடிக்கும். நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால் அடியில் உப்பு ஒன்பது மீட்டர் ஏறப் பார்க்கும். நிஜத்தில் எல்லை இவ்வளவு துல்லியமாக இருக்காது, ஏறவும் நாளாகும். ஆனால் மோட்டார் போட்டு உறிஞ்சும் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்புபோல எழும்பி வரும். கடலோரத்தில் இருக்கும் என் சித்தி வீட்டில் போன மேட மாதத்தில், அதாவது சித்திரையில், கட்டன்சாயா குடித்தபோது நாக்கில் கரித்தது. சித்தி மட்டும் பழகிப்போய் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு மீட்டரைத் தாங்கிப் பிடிப்பது மழையும், கரை வழியாக ஊறும் ஆறும்தான். கழிமுகத்தில் ஆற்றின் ஓட்டம் குறைந்தால் கடல்நீர் ஆப்புபோல அடித்தளத்தை ஒட்டி உள்ளே நுழையும். மணல் அள்ளி ஆற்றின் தரை கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அந்த ஆப்புக்கு நாமே வழிவெட்டிக் கொடுத்ததாகிவிடும். மணல் போன ஆறு கரையோரக் கிணறுகளின் நீரையும் தன் பக்கம் இழுக்கும். ஒரு லோடு மணலின் விலையில் இதையெல்லாம் யார் சேர்க்கிறார்கள்?

சித்தி வீட்டில் முதலில் கூப்பிட்டது உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை. தேங்காய் நிமிர்ந்த இடத்தில் இன்னும் ஆழமாகப் போர் போடச் சொல்லி, பணத்தையும் வாங்கிப் போனார். கடலோரத்தில் ஆழமாகப் போவது உப்பைத் தேடிப் போவதுதான் என்று மேலே பார்த்தோமே. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரிய ஆராய்ச்சிகளுக்குப் பணம் ஒதுக்குவது சரி, கூடவே கடலோரப் பள்ளிகளுக்கு ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்து மாதம் ஒருமுறை பிள்ளைகளை ஊர்க் கிணறுகளை அளக்கச் சொன்னால், பத்து வருடத்தில் எந்த ஆய்வகத்திலும் இல்லாத கணக்கு கையில் இருக்கும்.

சித்திக்கு நான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மோட்டாரை ஒரே மூச்சாக ஓட்டாமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டச் சொன்னேன். எண் அசையவே இல்லை. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, ஆறு கரை தொட்டுக் கடலுக்கு ஓட ஆரம்பித்து மூன்று வாரம் கழித்து சித்தி போன் செய்தார். "மக்கா, மீட்டரு இறங்கிட்டு. சாயா குடிக்க வா."