தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆக எது எதைப் படிக்க வேண்டும்: பட்டயப் படிப்பு, டெட், நியமனத் தேர்வு

பிளஸ் டூ முடித்த மகளை அழைத்துக்கொண்டு எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்திருந்தார். "சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தணும்னு ஆசைப்படுது சார். டிகிரி முடிச்சு பி.எட். படிச்சுட்டா சின்ன கிளாஸ், பெரிய கிளாஸ் ரெண்டுக்கும் போயிடலாம்ல?" என்று கேட்டார். போக முடியாது. ஆனால் பாதிக் குடும்பங்கள் இன்னும் இதைத்தான் நம்புகின்றன. அதை நம்பி ஐந்து வருடம் படித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர். அந்தப் பணிக்கான குறைந்தபட்சத் தகுதியை முடிவுசெய்வது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-வது பிரிவின்படி, 2010 ஆகஸ்ட் 23 அன்று குழுமம் தகுதிகளை அறிவித்தது. பிளஸ் டூவில் 50 சதவீதம், இரண்டு ஆண்டு தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு, அதற்கு மேல் 'டெட்' எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதம் வரை தளர்வு உண்டு.

பி.எட். குழப்பம் எப்படி வந்தது? 2018 ஜூன் 28 அன்று இதே குழுமம், பி.எட். முடித்தவர்களும் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கலாம், பணியில் சேர்ந்தபின் ஆறு மாதப் பயிற்சி எடுத்தால் போதும் என்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ராஜஸ்தானில் கிளம்பிய வழக்கில், 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை, பி.எட். அதற்கான பயிற்சி அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம். எனக்கு அது முழுக்கச் சரி என்றே படுகிறது. பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தத் தெரிந்த எல்லோராலும் ஒரு குழந்தைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்துவிட முடியாது.

சரி, பட்டயப் படிப்புக்கு வருவோம். பெரியவர்கள் 'டீச்சர் ட்ரெயினிங்' என்பார்கள், கொஞ்சம் முந்தைய தலைமுறை 'டி.டி.எட்.' என்று சொல்லும். இன்றைய பெயர் டி.எல்.எட். அரசு சார்பில் இதை நடத்துபவை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். ஊர் வழக்கில் 'டயட்'. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த இவை, தமிழ்நாட்டில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன. இரண்டாயிரங்களில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன, இன்று அவற்றில் பல மூடிக்கிடக்கின்றன. தனியாரில் சேர்வதானால், நீங்கள் சேரும் ஆண்டில் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தவரை டயட்டில் சேரவே பாருங்கள். கட்டணமும் குறைவு, அரசுப் பள்ளிகளோடு நேரடித் தொடர்பும் இருக்கும். அப்புறம், குறுகிய காலத்தில் பட்டயம் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக வழங்கப்பட்ட 18 மாதப் பட்டயம், இரண்டு ஆண்டுப் படிப்புக்கு இணையாகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இந்த இரண்டு வருடத்தில் எதை விட்டாலும் பள்ளிக்குப் போய்ச் செய்யும் கற்பித்தல் பயிற்சியை ஒப்புக்குச் செய்துவிடாதீர்கள். பாடக்குறிப்பேட்டைப் பழைய மாணவரிடம் வாங்கிப் பார்த்து எழுதுவது, துணைக்கருவிகளைக் கடையில் வாங்கி ஒட்டுவது என்று பலர் அந்த வாரங்களைக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் ஆசிரியர் உருவாவது அந்த வாரங்களில்தான். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் 'முந்நூற்று ஐந்து' எழுதச் சொல்லுங்கள். சில குழந்தைகள் 3005 என்று எழுதும். முந்நூறுக்கு 300, ஐந்துக்கு 5, பக்கத்தில் சேர்த்து வைத்துவிட்டது, அவ்வளவுதான். காதில் விழுந்ததை அது ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது, இடமதிப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. தப்பு என்று சுழித்துவிட்டுப் போகலாம். இல்லை, தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு நூறாகச் சேர்த்து, மூன்று நூறும் ஐந்து தனிக் குச்சியும் தரையில் வைத்து, நடுவில் பத்துகளின் இடம் காலியாக இருப்பதைக் குழந்தையையே பார்க்க வைக்கலாம். இந்த இரண்டாவது வழி கைவர நாளாகும். அதற்காகத்தான் இரண்டு வருடம்.

அடுத்தது டெட். முதல் தாள்தான் உங்களுக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு. மொத்தம் 150 கேள்வி, 150 மதிப்பெண், தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது. குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், தமிழ் அல்லது வேறு தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, பகுதிக்கு 30 கேள்வி. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. மற்றப் பிரிவினருக்கான தளர்வை அரசு அவ்வப்போது மாற்றியிருக்கிறது, எனவே அந்தந்த அறிவிக்கையில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள்.

கேள்விகள் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பாடத்தை ஒட்டி இருந்தாலும், கடினம் உயர்நிலை வகுப்பு அளவுக்குப் போகலாம் என்பது குழுமத்தின் வழிகாட்டுதல். சின்ன வகுப்புப் பாடம்தானே என்று போனவர்கள் அடிபட்ட தேர்வு இது. கைடை மட்டும் மனப்பாடம் செய்யாமல், அரசுப் பாடப்புத்தகங்களை வரிசையாக உட்கார்ந்து படிப்பதே நல்ல தயாரிப்பு. உளவியல் பகுதியில் பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பெர்க் போன்ற குழந்தை வளர்ச்சி அறிஞர்களின் பெயர்களும் அவர்கள் சொன்ன வளர்ச்சி நிலைகளும் மட்டும் தெரிந்தால் போதாது. மேலே சொன்ன 3005 மாதிரி ஒரு தவறைக் கொடுத்து, இதற்கு ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் விடை தெரிய வேண்டும். பள்ளிப் பயிற்சியை உண்மையாகச் செய்தவருக்கு அந்த 30 கேள்விகளும் பழகிய முகங்களாக இருக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது நடத்த வேண்டிய தேர்வு, தமிழ்நாட்டில் அப்படி நடப்பதில்லை. 2012-இல் தொடங்கி, 2013-க்குப் பின் பொதுவான தேர்வு 2017, 2019, 2022, 2025 என்றுதான் வந்தது. அதனால் வாய்ப்பு வரும்போது விடாதீர்கள். இறுதியாண்டு மாணவர்களையும் எழுத அனுமதித்திருக்கிறார்கள். ஒரு நிம்மதி, சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பிருந்த ஏழு ஆண்டுக் கணக்கை 2021-இல் எடுத்துவிட்டார்கள். மத்திய அரசுப் பள்ளிகளுக்கு சி.டெட். என்று தனித் தேர்வு இருக்கிறது.

டெட்டில் தேறினால் வேலை கிடைத்துவிட்டதாகப் பலரும் இனிப்புக் கொடுத்துவிடுகிறார்கள். அது தகுதி மட்டுமே. ஒரு காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு, பிறகு மதிப்பெண் வெயிட்டேஜ் என்று இருந்த முறை மாறி, 2018-இன் 149-ஆம் எண் அரசாணைப்படி இப்போது தனி நியமனத் தேர்வு எழுத வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம்தான் அதையும் நடத்துகிறது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 பிப்ரவரியில் 1,768 இடைநிலை ஆசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்து, ஜூலை 21-இல் தேர்வு நடந்தது. இடங்கள் பிறகு 2,768 ஆக உயர்ந்தன. அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. 50-க்கு 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளையே திருத்த மாட்டார்கள்.

வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களையும் டெட் விடவில்லை. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இருபது வருடம் நல்லபடியாகப் பாடம் நடத்தியவர்களுக்கு இது பெரிய வேதனை. சம்பளத்திலும் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2009 ஜூன் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கும் முன்பு சேர்ந்தவர்களுக்கும் இடையே உள்ள அடிப்படை ஊதிய வித்தியாசத்துக்காகத்தான் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று பின்னால் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். புதிதாகச் சேர்பவருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய், அகவிலைப்படி தனி.

எந்த மாதிரிப் பள்ளி கிடைக்கும் என்பதையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அதாவது கிராமத்தில் ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பு. ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பு எழுத்துக்கூட்ட, மூன்றாம் வகுப்பு பெருக்கல் போடும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் இப்படி ஒரு பள்ளியைக் கேட்டு வாங்கிப் போய் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்கு ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். அந்தப் பெண் ஒன்றாம் வகுப்பு எங்கே படித்தாள் என்று கேட்டேன். அப்பா யோசித்தார். அவளே சொன்னாள், மூன்றாம் வகுப்பு வரை பாட்டி ஊரில் படித்தாளாம். சேர்க்கைப் பதிவேடு கையில் கிடைக்கும்போதே தலைமை ஆசிரியரிடம் போய் சான்றிதழை வாங்கி வைத்துவிடச் சொல்லி அனுப்பினேன்.