கல்ட்: உழவிலிருந்து வந்த ஒரு சொல்

தென் அமெரிக்க நாடான கயானாவின் வடமேற்குக் காட்டில் 1970களில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதப் புகுபவர் முதல் வரியிலேயே, ஒரு தலைவருக்குக் கேள்வியின்றிக் கீழ்ப்படியும் குழுவை இன்று பழித்துச் சொல்லும் ‘கல்ட்’ (cult) என்ற ஆங்கிலச் சொல்லில் தடுக்கி நிற்பார். காடு திருத்திய நிலத்தில் மரவள்ளி பயிரிடுவோர், பலகை வீடுகள், கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள் என நீளும் அப்படங்களில் பல, ஜிம் ஜோன்ஸ் தலைமையிலான பீப்பிள்ஸ் டெம்பிள் என்ற அமெரிக்கச் சமய இயக்கத்தினரே தங்கள் குடியிருப்பை வெளியுலகுக்குக் காட்ட எடுத்தவை. 1978 நவம்பர் 18 அன்று ஜோன்ஸ்டவுன் என்ற அந்தக் குடியிருப்பில் 909 பேர் இறந்தனர். அவர்களில் சுமார் 300 பேர் சிறார். அருகிலிருந்த விமான ஓடுதளத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனும் மூன்று செய்தியாளர்களும் உட்பட ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

‘கல்ட்’ லத்தீனின் ‘கொலெரே’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. நிலத்தை உழுதல், பேணுதல், தெய்வத்தைப் போற்றுதல் என்று மூன்று பொருளும் அவ்வினைக்கு உண்டு. அதிலிருந்து வந்த ‘கல்டஸ்’, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது வழிபாட்டை மட்டுமே குறித்தது. பழிப்புப் பொருள் பின்னாளில் ஏறியது. ‘கல்ச்சர்’, ‘அக்ரிகல்ச்சர்’ ஆகியவையும் இதே வேரினவே. நிலத்தைப் பண்படுத்துவதிலிருந்து தமிழ் ‘பண்பாடு’ என்ற சொல்லை ஆக்கிக்கொண்டதும் இத்தகைய பாதைதான். ஜோன்ஸ்டவுனின் முறையான பெயர் ‘பீப்பிள்ஸ் டெம்பிள் வேளாண் (அக்ரிகல்ச்சுரல்) திட்டம்’ என்பதை இங்கே நினைக்கும்போது, பின்னர் அவர்கள்மீது ஒட்டப்பட்ட சொல்லின் வேர் அவர்களே வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயருக்குள் முன்பே இருந்தது புலப்படும்.

தமிழில் நேர்ச்சொல் எது? ‘மதப்பிரிவு’ பொருந்தாது, அது தாய்ச்சமயத்திலிருந்து கிளைத்ததைச் சுட்டும். பீப்பிள்ஸ் டெம்பிளோ இறுதிவரை அமெரிக்காவின் பெரிய புராட்டஸ்டண்டு திருச்சபை ஒன்றில் இணைந்த சபையாகவே இருந்தது. ‘வழிபாட்டுக் குழு’ என்றால் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியை ஒழுங்கு செய்யும் பங்குக் குழுவும், வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கூடுவோரும் நினைவுக்கு வருவார்கள். திரைப்பட விமரிசனத்தில் புழங்கும் ‘கல்ட் படம்’ என்ற புகழுரை குழப்பத்தைக் கூட்டவே செய்கிறது.

ஆயினும் ‘வழிபடு’ என்ற வினையை எளிதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. ‘வழிபடு தெய்வம் நிற்புறங் காப்ப’ என்று தொல்காப்பியம் ஆளும் அச்சொல்லுக்கு வணங்குதல் மட்டுமன்றிப் பின்பற்றுதல், சொற்படி நடத்தல் என்ற பொருள்களும் உண்டு. ‘கல்ட்’ என்பதில் இன்று நாம் அஞ்சுவது தெய்வ வணக்கத்தையன்று, ஒரு மனிதருக்குக் கேள்வியின்றிக் கீழ்ப்படிவதையே. அந்தப் பொருள் லத்தீன் வேரில் இல்லை, தமிழ் வேரில் இருக்கிறது. அரசியல் எழுத்தில் ஏற்கெனவே நிலைபெற்ற ‘தனிமனித வழிபாடு’ என்ற தொடரை ஒட்டி, ‘தனிமனித வழிபாட்டுக் குழு’ என்பதே பழிப்புப் பொருளுக்குத் தகும் என்பது என் கருத்து.

ஆனால் ஆவணக் காப்பகக் குறிப்பு தீர்ப்பு எழுதும் இடமன்று. சமய ஆய்வாளர்கள் ஆளும் ‘புதிய சமய இயக்கம்’ என்ற நடுநிலைத் தொடரே அங்கே ஏற்றது. மரவள்ளித் தோட்டத்தில் குனிந்து நிற்பவரைக் ‘கல்ட் உறுப்பினர்’ என்று எழுதிவிட்டால், படம் எடுத்த நாளில் அவர் அறிந்திராத முடிவை அவர் முகத்தில் நாம் ஏற்றிவிடுகிறோம். அப்படத்தின் கீழ் ‘பீப்பிள்ஸ் டெம்பிள் இயக்கத்தினர் மரவள்ளித் தோட்டத்தில், ஜோன்ஸ்டவுன், கயானா’ என்று எழுதினால் போதும்.