‘மேப்பிங்’ என்றால் வரைபடமாக்கல் அல்ல, பொருத்தல்

“மூலப் புலங்களை இலக்குப் புலத்திற்கு வரைபடமாக்கவும்.” கும்பகோணத்தில் நடந்த கணினிப் பயிற்சி ஒன்றில் கொடுத்த கையேட்டில் இப்படி இருந்தது. மென்பொருள் திரைகளிலும் மொழிபெயர்ப்புக் குறிப்புகளிலும் இதையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரு பட்டியலின் புலம் (ஃபீல்டு, அதாவது பத்தி) இன்னொரு பட்டியலின் எந்தப் புலத்துக்கு நேர் என்று காட்டுவதுதான் ஃபீல்டு மேப்பிங். அதைச் செய்பவர் யாரும் எந்தப் படத்தையும் வரைவதில்லை.

சொல்லின் கதை சிறியது. லத்தீனில் ‘மாப்பா’ என்றால் துணி. உலகப் படத்தை ‘மாப்பா முண்டி’ என்று அழைக்கப் போய், மேப் என்பது படத்துக்கே பெயராயிற்று. நிலத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் படத்தில் ஒரு புள்ளி உண்டு அல்லவா? ஒரு கணத்தின் உறுப்புக்கு நேராக இன்னொரு கணத்தின் உறுப்பைக் காட்டுவதற்குக் கணிதம் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டது. கணினித் துறைக்கு வந்தது இந்தக் கணிதப் பொருள்தான்.

‘ஆங்கிலத்தில் மேப் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருகிறதே, தமிழில் வரைபடமும் அப்படி விரியட்டுமே’ என்கிறார்கள். விரியாது. மேப் என்ற சொல்லுக்குள் இருக்கும் துணி இன்று ஆங்கிலேயர் கண்ணுக்கே தெரிவதில்லை. வரைபடத்தில் ‘வரை’யும் ‘படம்’உம் பளிச்சென்று தெரிகின்றன. படிப்பவர் படத்தைத்தான் தேடுவார். பள்ளிக் கணிதப் புத்தகத்திலோ கிராஃபுக்குப் பெயர் வரைபடம். சார்பு பற்றிய பாடத்தில் முன் உரு, நிழல் உரு என்று சொன்னார்களே தவிர, யாரும் வரைபடமாக்கச் சொல்லவில்லை.

டெல்டாவில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். இங்கே புலம் என்றால் முதலில் நிலம். சிட்டாவில் ‘புல எண்’ என்றுதான் அச்சாகி வருகிறது. சர்வேயர் அளந்து போட்ட எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் படத்துக்குப் பெயர் புலப்படம். அப்படியிருக்க, கிராம நிர்வாக அலுவலரிடமோ இ-சேவை மையத்திலோ போய் ‘புல வரைபடமாக்கல்’ என்றால் அவர் எதை எடுத்து நீட்டுவார்? எஃப்.எம்.பி.யைத்தான். அவர் மீது தப்பில்லை. நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் இரண்டு பொருளும் ஒரே மேசைக்கு வருகின்றன. ஃபீல்டுக்குப் புலம் என்பது நல்ல சொல், அது இருக்கட்டும். மேப்பிங்குக்குத்தான் வேறு சொல் வேண்டும்.

அது பொருத்தல். பொருத்தம் பார்ப்பது நமக்குப் புதிதா? ஜாதகத்தில் கார்த்திகை நட்சத்திரம் என்று மட்டும் சொன்னால் ராசி தெரியாது. முதல் பாதம் என்றால் மேஷம், மற்ற மூன்று பாதங்களும் ரிஷபம். நட்சத்திரமும் பாதமும் சேர்ந்துதான் ராசியைத் தருகின்றன. இரண்டு மூலப் புலங்களின் மதிப்புகள் சேர்ந்து ஓர் இலக்கு மதிப்பைத் தீர்மானிப்பது என்பது இதேதான். இதைக் கூட்டுப் பொருத்தம் என்று சொல்லலாம். கூட்டுப் பட்டா புழங்கும் ஊரில் ‘கூட்டு’ யாருக்கும் விளங்காமல் போகாது.

நம் மாவட்டக் கதையையே பாருங்கள். பழைய தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர் வந்தது. 2020-இல் நாகையிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 2020-க்கு முந்தைய பட்டியலில் மாவட்டம் ‘நாகப்பட்டினம்’ என்று இருந்தால் அது புதிய பட்டியலில் எந்த மாவட்டம்? வட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். நாகப்பட்டினமும் சீர்காழியும் சேர்ந்தால் மயிலாடுதுறை. குத்தாலம், தரங்கம்பாடி, மயிலாடுதுறை வட்டங்களும் அப்படியே. நாகப்பட்டினமும் வேதாரண்யமும் என்றால் நாகப்பட்டினமேதான். மாவட்டப் புலத்தை மட்டும் பொருத்தினால் சீர்காழிக்காரர் மாவட்டம் மாறிப் போய்விடுவார்.

இதோடு சேர்த்துக் குழப்பும் இன்னொரு வேலை உண்டு: இரண்டு புலங்களின் எழுத்துகளை ஒட்டி ஒரே புலமாக்குவது. அதற்குச் சொல் கோத்தல். பேச்சில் கோர்த்தல் என்போம், எழுதும்போது கோத்தல். புல எண் 111, உட்பிரிவு 2 என்பதை அப்படியே கோத்தால் 1112. புல எண் 11, உட்பிரிவு 12 என்றாலும் 1112. வேறு வேறு நிலங்கள், ஒரே எண்! நடுவில் சாய்கோடு போட்டு 111/2 என்றும் 11/12 என்றும் கோத்தால்தான் பிழைக்கலாம். அப்புறம் எக்செல்லில் அந்தப் பத்தியை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் 11/12 தேதியாக மாறிவிடும். புல எண்கள் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், வட்டக் குறியீடும் கிராமக் குறியீடும் முன்னால் சேராமல் அந்த எண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை.

கோத்தலில் புதிய மதிப்பு ஒன்று உருவாகிறது. கூட்டுப் பொருத்தத்திலோ ஏற்கெனவே இருக்கும் மதிப்பு ஒன்று தேர்வாகிறது. வேலை வேறு, பிழை வரும் விதமும் வேறு. இரண்டுக்கும் சேர்த்து ‘ஒருங்கிணைத்தல்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். மெர்ஜ், கம்பைன், சிங்க், இன்டகிரேட் எல்லாமே அவர்களுக்கு ஒருங்கிணைத்தல்தான். தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நான்கு வேலைக்கு ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அதைத் தமிழாக்கம் என்றால் எப்படி ஏற்பது? அதற்கு ‘மேப்பிங்’ என்றே எழுதினாலாவது வேலை கெடாது. சொல்லை ஆக்குபவர் ஒருநாள் இந்தப் பொருத்தங்களை எழுதும் அட்டவணையை நிரப்பிப் பார்க்க வேண்டும். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அட்டவணையின் தலைப்புகளுக்கு நான் சொல்வது இது: மூலப் புலம் 1, மூலப் புலம் 2, இலக்கு மதிப்பு. அட்டவணைக்குப் பெயர் பொருத்தப் பட்டியல். எந்த வரியிலும் சேராத இணைகளைப் ‘பொருந்தாதவை’ என்று தனியாக ஒதுக்கிவிட்டு, வெற்று மதிப்பால் நிரப்பாமல் ஆள் பார்த்துச் சரிசெய்ய விட வேண்டும்.