பழைய கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் முன்

இருபது முப்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த கணினி ஒன்று கையில் கிடைத்தால் விரல் நேராக சுவிட்சுக்குத்தான் போகும். ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். அத்தனை காலம் தாக்குப்பிடித்த இயந்திரம் சாவது பெரும்பாலும் அந்த முதல் சில நொடிகளில்தான்.

"அணைத்து வைத்தபோது நன்றாகத்தான் ஓடியது" என்பார்கள். உண்மையாகவே இருக்கும். ஆனால் அணைத்த பிறகும் உள்ளே பேட்டரி கசிந்துகொண்டிருந்தது, கெப்பாசிட்டருக்குள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) இருந்த திரவம் வெளியே ஊர்ந்தது, பவர் சப்ளையில் இருந்த காகிதக் கெப்பாசிட்டர் ஈரத்தை உறிஞ்சியது, ரப்பர் கூழானது. அன்று அணைத்த கணினி வேறு, இன்று கையில் இருக்கும் கணினி வேறு. எனவே முதலில் தேவைப்படுவது மின்சாரம் அல்ல, ஸ்க்ரூ டிரைவரும் நல்ல வெளிச்சமும்.

முதல் வேலை பேட்டரி

மற்ற எதையும் இன்று செய்ய நேரம் இல்லாவிட்டாலும் பேட்டரியை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள். இன்டெல் 286, 386, 486 செயலி கொண்ட மதர்போர்டுகள் பலவற்றிலும், கமடோர் நிறுவனத்தின் அமிகா 500 பிளஸ், 2000, 3000, 4000 ஆகியவற்றிலும் கடிகாரத்தை ஓட்டுவதற்காக 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சின்னப் பீப்பாய் போல, பெரும்பாலும் நீல உறையோடு இருக்கும். அதிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். இதை "பேட்டரி ஆசிட்" என்று நினைத்துச் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காரத்தின் மேல் இன்னொரு காரத்தை ஊற்றி எந்தப் பயனும் இல்லை. இதை முறிக்க வேண்டியது வினிகர் போன்ற மென்மையான அமிலம்.

கசிவு பேட்டரிக்கு அடியில் மட்டும் நிற்காது. போர்டின் மேலுள்ள பச்சைப் பூச்சுக்குக் கீழே புகுந்து செம்புத் தடங்கள் வழியாக ஊர்ந்து போகும். ஐசி (சில்லு) சாக்கெட்டுக்குள் ஏறும், கம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் நடக்கும். பழைய ஏடி (ஐபிஎம் பிசி ஏடி மாதிரி) போர்டுகளில் பேட்டரி கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கசிவின் முதல் அடையாளம் பல நேரம் கீபோர்டு பிழைச் செய்திதான். பச்சைக் களிம்பு பூத்திருப்பது, பற்றவைப்புப் புள்ளிகள் பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாகியிருப்பது, பச்சைப் பூச்சு கருத்துக் கொப்புளித்திருப்பது ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள்.

பேட்டரியின் கால்களைச் சைடு கட்டரால் வெட்டி எடுங்கள். 5 சதவீத வெள்ளை வினிகரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தடவி ஐந்து பத்து நிமிடம் விட்டுத் தேயுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் தாராளமாக அலசுங்கள். வினிகரும் ஓர் அமிலம்தான், அதன் மிச்சமும் செம்பைத் தின்னும். கடைசியாக 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

அடுத்தது பொறுமை கேட்கும் வேலை. கறுத்த தடங்களை ஃபைபர் கிளாஸ் பேனாவால் செம்பு பளிச்சிடும் வரை சுரண்டி, ஃபிளக்ஸ் (பற்றவைப்பு ஒட்ட உதவும் பசை) தடவி, மெல்லியதாகப் பற்றவைப்பு ஈயம் (சால்டர்) பூசுங்கள். அரித்த புள்ளியில் பழைய ஈயம் எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாது. அதற்காகச் சால்டரிங் அயர்னின் சூட்டை ஏற்றாதீர்கள், தடம்தான் உரியும். புதிய 63/37 ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்தால் பழையதும் சேர்ந்து இளகும். பிறகு ஒவ்வொரு தடத்தையும் மல்டிமீட்டரின் பஸ்ஸரில் வைத்து முனைக்கு முனை பார்த்து, அறுந்ததற்கு 30 கேஜ் மெல்லிய கம்பியில் பாலம் போடுங்கள். சாக்கெட்டுக்கு அடியில் கசிவு போயிருந்தால் சாக்கெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மேலிருந்து ஊற்றும் வினிகர் அங்கே சரியாகப் போய்ச் சேராது.

மாற்றாக சிஆர்2032 லித்தியம் வில்லை போடலாம். ஒரு எச்சரிக்கை: பழைய பேட்டரி சார்ஜ் ஆகக்கூடியது என்பதால் அந்த இடத்துக்குப் போர்டு சார்ஜ் மின்சாரம் அனுப்பும். சிஆர்2032 சார்ஜ் ஆகாது, சார்ஜ் செய்தால் வெடிக்கலாம். வில்லையின் பிளஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் வழியில் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்), கோடு போட்ட முனை போர்டைப் பார்க்கும்படி போட்டால் மின்சாரம் திரும்பி வராது. பல போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென்று நான்கு ஊசி இணைப்பும் ஒரு ஜம்பரும் இருக்கும். அது இருந்தால் டயோடு வேலையே மிச்சம். எப்படியானாலும் புதிய வில்லையை நீளமான கம்பியில் கட்டிப் போர்டுக்கு அப்பால் வையுங்கள்.

1980களின் பிற்பகுதி முதல் வந்த பல மேக்கின்டோஷ்களில் இருப்பது 3.6 வோல்ட் அரை ஏஏ அளவு லித்தியம் பேட்டரி. இது சார்ஜ் ஆகாத வகை. வெடித்துக் கசிந்தால் போர்டோடு இரும்புச் சட்டத்தையும் துருவேற்றிவிடும். டாலஸ் டிஎஸ்1287 போன்ற கடிகாரச் சில்லுகளில் பேட்டரி கறுப்பு எப்பாக்சிக்குள்ளேயே புதைந்திருக்கும். கசியாது, ஆனால் தீர்ந்துவிடும். எப்பாக்சியை அரத்தால் மெல்லத் தேய்த்து, 16ஆம் காலின் தரை (கிரவுண்ட்) இணைப்பையும் 20ஆம் காலின் பேட்டரி இணைப்பையும் வெளிக்கொணர்ந்து, உள் பேட்டரிக்குப் போகும் இணைப்பை வெட்டிவிட்டு வெளியிலிருந்து 3 வோல்ட் கொடுக்கலாம்.

பவர் சப்ளை: புகையும் அதைவிட மோசமானதும்

1980களின் பவர் சப்ளைகளில் மெயின்ஸ் (சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரம்) நுழையும் இடத்தில் தேன் நிறத்தில், கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் ஒரு சதுரக் கெப்பாசிட்டர் இருந்தால், அது உலோகம் பூசிய காகிதக் கெப்பாசிட்டர். ரிஃபா என்ற பெயர் அதன் மேல் அச்சாகியிருக்கும். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2இ உள்ளிட்ட பலவற்றில் இது உண்டு. மேலுறையில் மயிர்க்கோடாக விரிசல் விழும், காற்றின் ஈரம் உள்ளே போகும், பல ஆண்டு கழித்து மெயின்ஸ் கிடைத்ததும் அடர்ந்த புகையோடு வெடிக்கும். சில பவர் சப்ளைகளில் இது சுவிட்சுக்கு முன்னாலேயே இருப்பதால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் பிளக் மாட்டியிருந்தால் ஆபத்துதான். விரிசல் தெரிகிறதோ இல்லையோ, மாற்றிவிடுங்கள். அதே மதிப்பில், 275 வோல்ட் ஏசி தாங்கும் எக்ஸ்2 வகை (மெயின்ஸின் இரு கம்பிகளுக்கு நடுவே போடுவது) பாலிபுரோப்பைலீன் கெப்பாசிட்டர் போட வேண்டும். மெயின்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பவை ஒய் வகை. அங்கே எக்ஸ் வகையைப் போட்டு அது ஷார்ட் ஆனால் கணினியின் உலோக உடம்பிலேயே மின்சாரம் ஏறும்.

புகை பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் போர்டு பிழைக்கும். 1982இல் வந்த கமடோர் 64இன் பழைய எப்பாக்சி நிரப்பிய அடாப்டர் செய்வது இதைவிட மோசம். அதில் 5 வோல்ட் ரெகுலேட்டர் (வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் பாகம்) பழுதானால் வோல்ட்டேஜ் குறையாது, ஏறும். சத்தமில்லாமல் ஏறி ரேம் சில்லுகளைக் கொல்லும். கணினியில் மாட்டும் வட்டமான டிஐஎன் பிளக்கின் 5ஆம் ஊசியையும் 2ஆம் ஊசியையும் மல்டிமீட்டரில் பார்த்து 5.25க்கு மேல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். சரியாக 5.0 காட்டினாலும் நம்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அது ஒரு மணி நேரம் சூடேறிய பிறகும் பழுதாகலாம். புதிதாகத் தயாராகும் அடாப்டர் வாங்குங்கள், இல்லையென்றால் வோல்ட்டேஜ் எல்லை தாண்டியதும் துண்டிக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டை நடுவில் மாட்டுங்கள்.

பிசி பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து கழற்றித் தனியாகச் சோதியுங்கள். பழைய ஏடி வகைகள் பல சுமை இல்லாமல் தொடங்காது. அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் 1 ஆம்பியர் ஓடும், பெரும்பாலானவை எழுந்துவிடும். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள். 5 வோல்ட் 4.75 முதல் 5.25க்குள், 12 வோல்ட் 11.4 முதல் 12.6க்குள் இருக்க வேண்டும். முதல் முறை மெயின்ஸ் கொடுக்கும்போது 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

230 வோல்ட் மெயின்ஸில் ஓடும் ஸ்விட்சிங் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நேர்திசை (டிசி) மின்சாரம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் பட்டென்று ஷார்ட் செய்யாதீர்கள். காப்பிடப்பட்ட முனைகளோடு 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சில நொடி வைத்து எடுத்து, மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

பவர் சப்ளை தனியாக நன்றாக ஓடி, போர்டை மாட்டியதும் அடங்கிவிடுகிறதா? 1981இன் ஐபிஎம் 5150, அதன் பின்வந்த எக்ஸ்டி போன்றவற்றில் டான்டலம் கெப்பாசிட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மஞ்சளாகவோ நீலமாகவோ, நீர்த்துளி போல இருக்கும். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் பார்க்காமல் கிடந்து திடீரென்று 12 வோல்ட் கிடைத்ததும் ஷார்ட் ஆகும், சில நேரம் தீப்பொறியோடு. போர்டின் 12 வோல்ட் ஊசிக்கும் தரைக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, பிறகும் மாறவில்லை என்றால் அந்தத் தடத்தில் உள்ள டான்டலங்களின் ஒரு காலைத் தூக்கித் தேடுங்கள். 12 வோல்ட்டில் 16 வோல்ட் வகைக்குப் பதில் 25 வோல்ட் வகை போடுவதே நல்லது.

கசியும் கெப்பாசிட்டர்கள்

1980களின் கடைசியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை போர்டின் மேற்பரப்பில் ஒட்டிய அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே கசியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேக்கின்டோஷ் எஸ்இ/30, அமிகா 600, 1200 ஆகியவை இதற்குப் பேர்போனவை. ஒலி மங்குவது, திரையில் வரிக்குதிரைக் கோடுகள் விழுவது எல்லாம் இதன் அறிகுறிகள். பற்றவைப்பைச் சூடாக்கும்போது மீன் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம், கசிந்திருக்கிறது.

கழற்றும் முன்பே போர்டைக் கழுவிவிடுங்கள். கசிந்த திரவத்தோடு சூடாக்கினால் அது கருகி ஒட்டிக்கொள்ளும். கொறடால் பிடித்து முறுக்கிப் பிடுங்குவதைப் பலர் எளிய வழியாகச் சொல்கிறார்கள். நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அரித்துப்போன பேடு (கால் பற்றவைக்கும் செம்புத் திட்டு) அந்த முறுக்கலிலேயே உரிந்துவரும். கட்டரால் மேல் டப்பாவை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் கால்களை 330 முதல் 350 டிகிரி சூட்டில் ஃபிளக்ஸோடு ஒவ்வொன்றாக எடுப்பது பாதுகாப்பு. பிறகு விக் (பழைய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) போட்டுப் பேடைச் சுத்தம் செய்து, மறுபடி கழுவுங்கள்.

பிளஸ், மைனஸ் துருவத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அலுமினிய வகையில் கறுப்புப் பட்டை மைனஸ். மேற்பரப்பு டான்டலத்தில் கோடு பிளஸ். ஒன்றுக்கு மாற்றாக மற்றதைப் போடும்போது கை தானாகத் தப்புச் செய்யும். போர்டில் அச்சான குறியையும் அப்படியே நம்ப வேண்டாம், அமிகா 4000இன் ஏ3640 செயலி அட்டையில் சில இடங்களில் அச்சே தலைகீழ். கழற்றும் முன் படம் எடுங்கள், மைனஸ் முனை தரையோடு இணைந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

பழையது என்பதற்காக எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றும் பழக்கமும் நல்லதல்ல. கமடோர் 64 போன்றவற்றில் நிமிர்ந்து நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பல இன்னும் சரியாகவே இருக்கும். ஈஎஸ்ஆர் மீட்டரில் (கெப்பாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். நன்றாக இருப்பதை மாற்றப் போய்த் தடத்தை உரித்த போர்டுகள் ஏராளம்.

வட்டுகளும் மற்றவையும்

ஃபிளாப்பியைப் பழைய டிரைவில் போடும் முன் டிரைவின் ஹெட்டை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, பெல்ட் கூழாகிவிட்டதா என்று பாருங்கள். வட்டில் வெண்பூஞ்சை தெரிந்தால் போடவே கூடாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த வட்டையும் கீறிவிடும். முதல் வாசிப்பே கடைசி வாசிப்பாகலாம் என்று வைத்துக்கொண்டு கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவிகளால் காந்தச் சுவட்டையே நேராகப் படி எடுங்கள். ஹார்டு டிஸ்க் சுழன்றால் அன்றே முழுவதையும் நகலெடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். கண்ணாடிச் சன்னல் உள்ள ஈப்ரோம் சில்லுகளையும் (புற ஊதா ஒளி பட்டால் பதிவு அழியும் நினைவகம்) படித்துச் சேமித்து, சன்னலில் ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

படக்குழாயின் ஆனோடில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அதை இறக்கிப் பழகாதவர்கள் மானிட்டரையும் சிறிய மேக்கின்டோஷ்களையும் திறக்க வேண்டாம். திறந்தாலும் குழாயின் கழுத்து லேசான இடியில் உடையும்.

மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் கொண்டு வெளுக்கலாம். 12 சதவீதக் கரைசல் தோலைச் சுடும், பூசியது நடுவில் உலர்ந்தால் திட்டுத்திட்டாக நிற்கும், சில ஆண்டுகளில் மஞ்சளும் திரும்பலாம். எல்லா வேலையும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

திரும்ப எடுத்து வைக்கும்போது பேட்டரி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் போடுங்கள். பிவிசி கம்பிகளைத் தெர்மகோலிலோ கணினியின் பிளாஸ்டிக் உறையிலோ படும்படி சுற்றி வைக்காதீர்கள், கம்பியிலிருந்து ஊறும் எண்ணெய் பதார்த்தம் அவற்றை உருக்கிக் குழி போடும். காகித உறையில் தனியாகப் போடுங்கள். எந்தப் பாகத்தை என்றைக்கு மாற்றினீர்கள், பேட்டரி எடுத்தாயிற்றா என்று ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து திறக்கப்போகிறவர் உங்களைக் கேட்க முடியாதவராக இருக்கலாம்.