சப்-கான்ட்ராக்ட்: துணை ஒப்பந்தமா, உள்ளொப்பந்தமா?

"உற்பத்தி நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்குப் பாதுகாப்புத் துறையில் துணை ஒப்பந்தம்." இப்படி ஒரு செய்தியை நாகர்கோவில் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்க வாசித்தால், கேட்பவருக்கு என்ன புரியும்? இரண்டு 'துணை' வருகின்றன. முதலாவது, யாருக்கு யார் சொந்தம் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, யார் வேலையை யார் செய்கிறார் என்பதை. ஆங்கிலத்தில் முதலாவது 'சப்சிடியரி', இரண்டாவது 'சப்-கான்ட்ராக்ட்'. இரண்டும் 'சப்' என்று தொடங்குவதால் தமிழிலும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள்.

சப்சிடியரி முதலில் படைச்சொல். உரோமப் படையில் பின்வரிசையில் காத்திருந்து, முன்வரிசை தளரும்போது உதவிக்கு வரும் காப்புப் படையை லத்தீனில் 'சப்சிடியம்' என்றார்கள். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அது படையோடுதான் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி திருவிதாங்கூரோடு 1795-இலும் 1805-இலும் செய்துகொண்டவை துணைப்படை உடன்படிக்கைகள். படை கம்பெனியுடையது, செலவு சமஸ்தானத்துடையது. அந்தப் பாக்கியைக் கேட்டு நெருக்கியது, தலக்குளத்தில் பிறந்த, திருவிதாங்கூரின் முதன்மை அமைச்சரான வேலுத்தம்பி தளவாய் கிளர்ந்தெழ ஒரு காரணம். 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. ஆகவே சப்சிடியரிக்குத் 'துணை' பொருத்தமான சொல்லே. 'துணை நிறுவனம்' அப்படியே இருக்கட்டும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு அமைப்பை இன்னொரு நிறுவனம் கட்டுப்படுத்தினாலோ, அதில் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமையை வைத்திருந்தாலோ, முதலாவது துணை நிறுவனம். ஆனாலும் சட்டத்தின் முன் அது தனி ஆள். துணை நிறுவனம் பெற்ற ஆர்டரைத் தாய் நிறுவனம் பெற்றதாக எழுதுவது பிழை.

கான்ட்ராக்ட் என்பதற்கு லத்தீனில் 'சேர்த்து இழுத்தல்' என்று பொருள். தமிழில் 'ஒப்பு' என்ற வேரிலிருந்து ஒப்பந்தம், உடன்படுவதிலிருந்து உடன்படிக்கை. மலையாளத்தில் 'உடம்படி' என்பதும் இந்தக் குடும்பம்தான். குறளில் வரும் 'உடம்பாடு இலாதவர்' என்பதிலும் அதே வேர் இருக்கிறது.

இனி சப்-கான்ட்ராக்ட். குத்தகைக்கு எடுத்த நிலத்தை இன்னொருவருக்கு விட்டால் உள்குத்தகை என்கிறோம். வாடகைக்கு எடுத்த கடையை அப்படி விட்டால் உள்வாடகை. உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலில் எடுத்தவர்தான். பாதுகாப்பு வேலையிலும் இதே ஏற்பாடு. அமைச்சகம் கையெழுத்திடுவது முதன்மை ஒப்பந்ததாரருடன். அவர் ஒரு பகுதி வேலையை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். உதிரிபாகம் தரக்குறைவானால் அமைச்சகம் கேட்பது முதன்மையாளரை. அவர் கேட்பது உள்ளே எடுத்தவரை. பணம் வருவதும் அதே வழியில். எனவே 'உள்ளொப்பந்தம்' என்பதே சரியான சொல். 'துணை ஒப்பந்தம்' என்றால் முதல் ஒப்பந்தத்தோடு சேர்த்து எழுதிய இன்னொரு தாள் போலத் தோன்றுகிறது. தலைப்பை இப்படி எழுதலாம்: 'துணை நிறுவனத்துக்குப் பாதுகாப்புத் துறை உள்ளொப்பந்தம்.'

கோணம் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் புழங்கும் 'ஜாப் ஒர்க்' இதிலிருந்து சற்று வேறு. இரும்பை ஆர்டர் தருபவரே கொடுப்பார். கடைசலோ துளையோ போட்டுக் கூலி வாங்குவது அது. உள்ளொப்பந்தத்தில் பொருளையும் சேர்த்து ஏற்பது உண்டு, பொறுப்பும் கூடும்.

உள்ளொப்பந்தம் எடுத்தவர் பதிவுபெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். 'மேலேயிருந்து இன்னும் வரவில்லை' என்ற பதில் அந்தக் கெடுவை நீட்டாது.